ஏழாம் கட்டிலை நகர்த்த மறுத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் ஆஸ்பத்திரி வாட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அப்போதிக்கரி ஐயா வந்து நின்றார். தென்மராட்சியில் எங்கள் மிஷனுக்குச் சொந்தமான சிறிய மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்பவர் அவர். முதல் ரயிலில் வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் மருந்துத் தட்டோடு அவரிடம் போனேன்.

“முதல் மருந்தைக் குடுத்து முடியுங்கோ. பிறகு சொல்லுறன்,” என்றார்.

அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இன்னும் பதினொரு நோயாளிகள் மீதியிருந்தார்கள். பதினொரு பேருக்கும் அளந்து கொடுத்தேன், கொடுத்ததை எழுதினேன், கையைக் கழுவினேன். அதன் பிறகுதான் விறாந்தைக்கு வந்து அவர் சொன்னதைக் கேட்டேன்.

“நேற்றுப் பின்னேரம் ஒருத்தருக்குப் புண்ணுக்கு மருந்து கட்டிப்போட்டு வந்து கதிரையிலை இருந்தவ. பிறகு எழும்பேல்லை.”

நேசரத்தினம் அக்கா இறந்துபோனார். எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய தலைமைத் தாதி. கடைசிப் பன்னிரண்டு வருஷமும் அந்தச் சிறிய மருந்துச்சாலையின் ஒரேயொரு தாதி.

இறந்த மறுநாளே அவரைப் புகழத் தொடங்கிவிட்டார்கள். சாந்த சொரூபி என்றார் ஒருவர். வாய் திறவாமல் தொண்டு செய்தவர் என்றார் இன்னொருவர். மிஷன் கோயிலில் பேசிய பெரியவர், “சேவையில் கரைந்த மெழுகுதிரி” என்றார். நான் அவரோடு இருபது வருஷத்துக்கு மேல் பழகியவள். அவருக்கு வாய் இருந்தது. அந்த வாய்க்காகத்தான் அவரை இந்த ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் சிலர் இப்போது மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். இதை வாசித்து அவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதிவைக்க வேண்டும்.

அக்கா உரும்பிராயைச் சேர்ந்தவர். தகப்பனார் மிஷன் பாடசாலை உபாத்தியாயர். தாதி வேலைக்குப் படிக்க நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்துமூன்று. அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் இந்த வேலைக்கு வருவது ஊரில் பெரிய கதை. அவருடைய சிறியதந்தையார் விடுதிக்கே வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“கண்ட கண்ட சாதியின்ரை மலம் சலம் அள்ளுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?”

நாங்கள் யன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“ஆரோ ஒராள் அள்ளத்தானே வேணும், சித்தப்பா? வடிவா அள்ளத் தெரிஞ்சவள் அள்ளட்டும். நீங்கள் வருத்தமாக் கிடக்கேக்கை உங்களுக்கும் அள்ளுவன்.”

சிறியதந்தையார் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பல வருஷத்துக்குப் பிறகு நீரிழிவால் காலில் புண் வைத்து அவர் எங்கள் ஆண்கள் வாட்டில் வந்து கிடந்ததும், தன்னுடைய சேவை முடிந்த பின் அக்கா போய் அவரைத் துடைத்துவிட்டதும் எனக்குத் தெரியும். பழைய கதையை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

படித்து முடித்த இரண்டாம் வருஷம் அக்கா ஒரு பிழை விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். இருமல் மருந்தும் வலி தணிக்கும் மருந்தும் ஒரே மாதிரியான பழுப்புப் போத்தல்களில் ஒரே தட்டில் இருக்கும். ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக மற்றதை ஊற்றிக் கொடுத்துவிட்டார். மூடியைத் திருகும்போதுதான் கண்டார். உடனே டொக்டரைக் கூப்பிட ஓடினார். கிழவர் நாள் முழுவதும் நித்திரை கொண்டு எழும்பினார், வேறொன்றும் நடக்கவில்லை. டொக்டர் நல்ல மனிதர். “மனுசன் எழும்பிட்டார். உந்தப் பிழையை எழுத வேண்டாம். உமக்குத்தான் பிறகு கரைச்சல்,” என்றார்.

அக்கா வாட்டுப் புத்தகத்தை எடுத்து, பிழை விட்டது தான் என்று பெயரோடு எழுதினார்.

“ஏனக்கா? ஒருத்தரும் காணேல்லையே,” என்று கேட்டேன்.

“நான் எழுதாட்டில் நாளைக்கு நீரும் அதே போத்தலைத்தான் எடுப்பீர், சுகிர்தம்.”

ஒரு மாதச் சம்பளத்தை மறித்தார்கள். ஆனால் அந்த வாரமே ஆபத்தான மருந்துகளுக்குத் தனி அலுமாரி வந்தது, பூட்டும் வந்தது. இன்றைக்கும் அந்த அலுமாரி இருக்கிறது. எங்கள் புதிய பிள்ளைகள் அதை ஏதோ கட்டடத்தோடு சேர்ந்து வந்த பொருள் என்று நினைக்கிறார்கள்.

தலைமைத் தாதியானபின் அவர் இலேசான மனுசி அல்லர். நகம் பார்ப்பார். கட்டில் விரிப்பில் மடிப்பு இருந்தால் உரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப விரிக்கச் சொல்வார். ஆனால் எங்களில் ஒருவர் பிழை விட்டால், டொக்டரின் முன்னால் “என்ரை வாட்டிலை நடந்தது, என்னைக் கேளுங்கோ,” என்று தானே போய் நிற்பார். பிறகு எங்களைத் துணி வைக்கும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தருவார் ஏச்சு. வெளியில் வரும்போது காது சுட்டுக்கொண்டிருக்கும். ஒருவருக்கும் அது தெரியாது.

இனி ஏழாம் கட்டிலின் கதை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் சேர்ப்போம் என்று வாசலில் எழுதியிருந்தது. சேர்த்தோம். ஆனால் ஊர்க் கிணற்றில் அள்ள விடாத ஆட்கள் வந்தால் பின்விறாந்தையில் பாய் போட்டுக் கொடுப்போம். சட்டம் ஒன்றும் கிடையாது. எப்போதும் அப்படித்தான் நடந்தது. வேதம் வாசிக்கும் கிறிஸ்தவர்களாகிய நாங்கள்தான் அந்தப் பாயை விரித்தோம்.

ஒரு மாரிகாலத்தில் பனையேறும் ஒருவரின் மனைவி, பொன்னி என்ற பெண், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இரத்தம் நிற்காமல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தாள். பின்விறாந்தைக்குள் சாரல் அடித்துப் பாயெல்லாம் நனைந்திருந்தது. அக்கா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தாதியின் மேசைக்குப் பக்கத்தில் ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. பொன்னியை அதில் கிடத்தி, கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தினார். ஒரு மணித்தியாலம் அவளுடைய வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். இரத்தம் நின்றது.

எட்டாம் கட்டிலில் பூமணி என்ற பதினாறு வயதுப் பிள்ளை. நெருப்புக் காய்ச்சல், அதாவது தைபோயிட், மூன்றாம் வாரம். தகப்பன் கொக்குவிலில் பெயர்போன பிரக்கிராசி, நீதிமன்றத்தில் வழக்குப் பேசுபவர். பின்னேரம் மகளைப் பார்க்க வந்தவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். நேரே டொக்டரின் அறைக்குப் போனார். ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் அம்மா அப்போது விடுமுறையில் சீமைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவர் எங்கள் ஊர் டொக்டர் ஒருவர், இளையவர். அவர் வாட்டுக்கு வந்தார், பிரக்கிராசியார் பின்னால் வந்தார்.

“நேர்ஸ், உந்தப் பொம்பிளையைப் பின்னுக்கு மாத்துங்கோ,” என்றார் டொக்டர்.

“இப்பதான் இரத்தம் நிண்டிருக்கு, டொக்டர். அசைச்சால் திரும்பத் துவங்கும்.”

“நான் சொல்லுறன், மாத்துங்கோ.”

அக்கா மேசையிலிருந்த வாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனையை மையில் தோய்த்து அவரிடம் நீட்டினார்.

“எழுதித் தாங்கோ. இன்ன நேரம், இன்ன நோயாளியை, நான் சொல்லி அசைச்சது எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. உடனை செய்யிறன்.”

“வாயாலை சொன்னாக் காணாதோ?”

“காணாது, டொக்டர்.”

டொக்டர் பேனையை வாங்கவில்லை. எழுத்தின் பெறுமதி தெரிந்த பிரக்கிராசியாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. நான் அங்கேதான் நின்றேன். பேனை முனையிலிருந்து ஒரு துளி மை புத்தகத்தில் விழுந்தது. டொக்டர் திரும்பிப் போய்விட்டார்.

பிரக்கிராசியார் போகவில்லை. “அப்ப நான் என்ரை பிள்ளையைக் கொண்டு போறன்,” என்றார்.

அக்காவின் முகம் மாறியது அப்போதுதான். அதுவரை இறுக்கமாக நின்றவர் கெஞ்சினார். “ஐயா, என்னிலை உள்ள கோவத்தைப் பிள்ளையிலை காட்டாதேங்கோ. மூண்டாம் கிழமை. வண்டிலிலை குலுக்கினால் குடலுக்கு ஆபத்து. என்னை மாத்துங்கோ, வேறை நேர்ஸைப் போடுங்கோ. பிள்ளையை அசைக்காதேங்கோ.”

அவர் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் கார் வந்தது. அக்கா குடை பிடித்துக்கொண்டு கார்வரை போனார். பிள்ளைக்குச் சோறு கொடுக்க வேண்டாம், நீராகாரம் மாத்திரம் கொடுங்கள் என்று தாயிடம் மூன்று தரம் சொன்னார். பிறகு வந்து, நடந்ததையெல்லாம் வாட்டுப் புத்தகத்தில் எழுதினார். வாயால் சொன்ன உத்தரவு, எழுத்தில் கேட்டது, கிடைக்காதது, இரு நோயாளிகளின் நாடித்துடிப்பு, எல்லாம்.

மறுநாள் பின்னேரம் சேவை முடிந்ததும் கொக்குவிலுக்கு நடந்து போனார். பிரக்கிராசியார் வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டார். வேலைக்காரி வந்து, ஆட்கள் இல்லை என்றாள். அதற்கடுத்த நாளும் அதே பதில். மூன்றாம் நாள் என்னையும் வரச் சொன்னார். எனக்குப் போக விருப்பமில்லை, ஆனாலும் போனேன்.

அன்றைக்குத் தாயார் படலைக்கு வந்தார். பூட்டைத் திறக்காமல் நின்றார். கண் வீங்கியிருந்தது.

“அம்மா, ஒளிக்காமல் சொல்லுறன்,” என்றார் அக்கா. “அந்தப் பொம்பிளையை இண்டைக்குக் காலமையும் துடைச்சுப்போட்டுத்தான் வாறன். இதே கைதான். சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கு. அது காணுமெண்டாத் திறவுங்கோ.”

தாயார் எங்களைப் பார்த்தார், வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “அவர் வழக்குக்காகக் கோட்டுக்குப் போயிட்டார். கெதியா வாங்கோ, பிள்ளை,” என்று திறந்தார்.

உள்ளே போன நேரம் நல்ல நேரம். பூமணி பசி பசி என்று அழுகிறாள் என்று குசினியில் குழையச் சோறு வடித்து, தயிர் விட்டுப் பிசைந்து வைத்திருந்தார்கள். அக்கா கோப்பையைத் தூக்கி என்னிடம் தந்தார். “இதைக் குடுத்தா இவள் நாளைக்கு இல்லை,” என்று தாயின் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு கட்டிலில் இருந்து பிள்ளையைத் துடைத்தார், நாவைத் துப்புரவாக்கினார், பார்லிக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பதினான்கு நாள் அப்படிப் போனார், ஒரு நாளும் தவறவில்லை. பிரக்கிராசியாருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

பூமணி பிழைத்தாள். பொன்னியும் பதினெட்டாம் நாள் ஏழாம் கட்டிலிலிருந்து எழும்பிப் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு எதிராகப் பிரக்கிராசியார் எழுதத் தொடங்கிய பெட்டிசம் மாத்திரம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியை நடத்தும் கொமிற்றிக்கு அவர் எழுதிய பெட்டிசத்தோடு சேர்க்க, தாதிமாரின் கடிதம் ஒன்றும் வேண்டியிருந்தது. டொக்டர் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். தலைமைத் தாதி கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர், எங்களைக் கடுமையாக நடத்துபவர், நோயாளிகளின் மனம் நோக நடந்தவர் என்று கடிதத்தில் இருந்தது. இருவர் மறுத்தார்கள். மற்ற எல்லாரும் கையெழுத்து வைத்தோம்.

ஓம், நானும் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று என்னை நானே பலதரம் கேட்டிருக்கிறேன். அந்த வாரம் ஒரு காய்ச்சல்மானியைச் சரியாகக் கழுவவில்லை என்று அக்காவிடம் ஏச்சு வாங்கியிருந்தேன். என் தங்கைக்குப் பிரக்கிராசியாரின் உறவில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவை காரணங்கள்தான். ஆனால் அடியில் கிடந்த காரணம் வேறு. பொன்னி தண்ணீர் குடித்த பேணியை நான் இரண்டு தரம் கழுவினேன். மற்றவர்கள் குடித்ததை ஒரு தரம். யாரும் சொல்லாமல் என் கை அதைச் செய்தது.

கொமிற்றியில் நான்கு கனவான்கள் இருந்தார்கள். சாட்சி சொல்ல என்னையும் வாசலில் இருத்தியிருந்தார்கள். ஆகவே எல்லாம் கேட்டது. அவர்கள் முதலில் தன்மையாகத்தான் பேசினார்கள். வாட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, இடவசதிக் குறைவால் தற்காலிகமாக ஏழாம் கட்டில் கொடுக்கப்பட்டது என்று வேறு எழுதினால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள்.

“கிழிச்சால் நடந்தது இல்லையெண்டு ஆகுமோ?” என்றார் அக்கா.

“நீர் ஒரு தாதி. டொக்டர் சொல்லுறதைச் செய்யிறதுதான் உம்மடை கடமை.”

“செய்யிறன். இவ்வளவு வருஷமும் செய்தனான். ஆனா நோயாளிக்குக் கேடு எண்டு தெரிஞ்சால் ஏன் எண்டு கேக்கிறதும் என்ரை கடமை. அதைவிட்டால் இந்த வெள்ளை உடுப்பு எனக்கென்னத்துக்கு? வேலைக்காரி எண்டு சொல்லிப்போட்டுச் சும்மா நிக்கலாமே.”

“அப்ப வேலையை விட வேண்டி வரும்.”

“விட மாட்டன். நீங்கள் எடுக்கலாம், உங்களுக்கு அதிகாரம் இருக்கு. நானா விட மாட்டன்.”

வேலையிலிருந்து நிறுத்த அவர்களுக்குத் துணிவு வரவில்லை. தலைமைப் பதவியை எடுத்துவிட்டுத் தென்மராட்சி மருந்துச்சாலைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்தபோது அவர் என்னைக் கண்டார். “தேமாமீற்றரைக் கழுவினீரோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

இரண்டு வருஷம் நான் தலைமைத் தாதியாக இருந்தேன், பின்விறாந்தையில் பாயும் இருந்தது. பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் ரயிலேறித் தென்மராட்சிக்குப் போனேன். ஓலையால் வேய்ந்த கட்டடம். முற்றத்தில் காய்ச்சல்காரர் இருபது பேர் வரை. எல்லாரும் ஒரே வாங்கில், வந்த வரிசையில் இருந்தார்கள். அக்கா ஒருவரின் காலில் புண் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் நின்றபடியே அழுதேன்.

“அக்கா, அந்தக் கடிதத்திலை நானும் கையெழுத்துப் போட்டனான்.”

“தெரியும். உம்மடை எழுத்து வடிவெல்லோ, மேசைக்கு அங்காலை இருந்தே தெரிஞ்சுது.” தலை நிமிரவில்லை. “இப்ப பின்விறாந்தையிலை ஆரும் கிடக்கினமோ?”

“இரண்டு பேர்.”

“அப்ப ஏன் இஞ்சை வந்து நிண்டு அழுறீர்? போம். போய் அவையை உள்ளுக்கு எடும். பிறகு வந்து அழும்.”

அடுத்த ரயிலில் திரும்பினேன். அந்த இருவரையும் அன்றைக்கே உள்ளே எடுத்தேன். ஒரு கட்டில் யன்னல் பக்கம், ஒன்று நடுவில். அந்த வாரம் ஆறு குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயின. சீமையிலிருந்து திரும்பியிருந்த பெரிய டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். போய், நோயைப் பார்த்துத்தான் கட்டில் கொடுப்பேன் என்று சொன்னேன். “சரி, எழுதித் தருகிறேன்,” என்றார் அவர். எழுதித் தந்தார். போன குடும்பங்களில் நான்கு மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷம் திரும்பி வந்தன. எந்தக் கட்டில் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்விறாந்தையில் இப்போது துணி காயப்போடுகிறோம்.

அக்காவைத் திரும்பக் கொண்டுவர மூன்று தரம் கேட்டேன். கொமிற்றி மறுத்தது இரண்டு தரம். மூன்றாம் தரம் இணங்கினார்கள், அவர் மறுத்துவிட்டார். “உங்கை இப்ப நீர் இருக்கிறீர். இஞ்சை ஆர் இருக்கினம்?” என்று எழுதினார். யுத்தகாலத்தில் மருந்து தட்டுப்பாடானபோது, இருந்த மலேரியா மருந்தான கொயினாவை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதில் ஊர்ப் பெரியவர்களோடு அவர் போட்ட சண்டைகளை அப்போதிக்கரி ஐயா சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை பின்னேரம் உரும்பிராயில் அடக்கம். லொறியில் பெட்டி வந்தபோது நாங்கள் எட்டுப் பேர் சீருடையோடு கோயில் வாசலில் நின்றோம். கோயில் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, “பொம்பிளையள் பெட்டி தூக்கிறது எங்கடை வழக்கத்திலை இல்லை, பிள்ளை,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

“நோயாளியைத் தூக்கிறது எங்களுக்கு வழக்கம்தான், ஐயா,” என்று சொல்லிவிட்டுக் குனிந்து பிடியைப் பிடித்தேன். மற்ற ஏழு பேரும் பிடித்தார்கள். மூப்பர் விலகி நின்றார்.

அடக்கம் செய்யும் சேமக்காலை வரை நல்ல தூரம். மழை பெய்து விட்ட செம்மண், சப்பாத்து புதைந்தது. பெட்டி பாரமாகத்தான் இருந்தது. வழியில் இரண்டு இளைஞர்கள் கை மாற்ற வந்தார்கள், நாங்கள் கொடுக்கவில்லை. வேலிகளுக்கு மேலால் சனம் பார்த்தது. பார்க்கட்டும். இந்த ஊருக்கு இப்படியொரு தாதி இருந்தார், அவரை இந்த ஊர் ஒதுக்கி வைத்தது, அவர் ஒதுங்கவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா, ஓய்வெடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மன்னிப்பும் இனிக் கேட்க மாட்டேன், அதற்கு நீங்கள் நேரம் தர மாட்டீர்கள். குழியில் மண் போட்டதும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். சேறு பட்ட சீருடையைக் களைந்து, முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவி, வேறு உடுத்திக்கொண்டுதான் வாட்டுக்குள் போனோம். போய் வாருங்கள். இங்கே கட்டில்கள் நிறைந்திருக்கின்றன, நாங்கள் வேலையில் நிற்கிறோம்.